ஏரியா டாக்டர் சர்ஜரியை மூடும்போது: தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டர்பனைச் சுற்றி சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க், வெருலம், டோங்காட் எங்கு போனாலும் ஒரே பேச்சுதான். முப்பது வருடம் பார்த்த டாக்டர் சர்ஜரியை, அதாவது நோயாளி பார்க்கும் தன் சொந்த இடத்தை, மூடிவிட்டார். அரசு கிளினிக்கில் டாக்டர் கண்ணிலேயே படுவதில்லை. மருந்துக்கடையில் நர்ஸ் உட்கார்ந்து நோயாளி பார்க்கிறார். யார் எந்த வைத்திய வேலையைச் செய்யலாம் என்பது இந்த நாட்டில் கடந்த 25 ஆண்டுகளில் வெகுவாக மாறிவிட்டது. முன்பு ஒரே ஜிபி, அதாவது பொது மருத்துவர், தன் தலையில் வைத்திருந்த விவரங்கள் இப்போது நான்கைந்து பேரிடம் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைச் சேர்த்து வைக்கும் பொறுப்பு, யாரும் சொல்லாமலே, நோயாளியின் கைக்கு வந்துவிட்டது. தமிழில் கேட்பவர்களில் பெரியவர்களும், இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் புதிதாக வந்தவர்களும் அதிகம் என்பதால் அடிப்படையிலிருந்தே சொல்கிறோம்.

பழைய டாக்டர் போனபின் அந்த இடத்துக்கு ஏன் புதியவர் வரவில்லை?

அந்தத் தலைமுறை எப்படி வந்தது என்று பார்த்தால் காரணம் புரியும். டர்பன் மருத்துவக் கல்லூரி 1951-ல் வெள்ளையர் அல்லாத மாணவர்களுக்காகத் திறக்கப்பட்டது. இன்று அது நெல்சன் மண்டேலாவின் பெயரில், குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கிறது. அதற்கு முன் டாக்டருக்குப் படிக்க நினைத்த இந்திய வம்சாவளியினர் பெரும்பாலும் பிரிட்டனுக்கோ அயர்லாந்துக்கோ இந்தியாவுக்கோ கப்பலேறினார்கள். பிறகு இன அடிப்படையிலான குடியிருப்புச் சட்டம் குடும்பங்களைப் பெயர்த்துச் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் கொண்டுவந்து இறக்கியது. டாக்டர்களும் அங்கேயே சர்ஜரி திறந்தார்கள். பார்ப்பதும் மருந்து கொடுப்பதும் ஒரே கூரையின் கீழ், ஒரே கட்டணத்தில் நடந்தது. ஒரே காலத்தில் தொழில் தொடங்கியவர்கள் என்பதால் ஓய்வும் ஒரே காலத்தில் வருகிறது.

அந்த நாற்காலியில் உட்கார வேண்டிய இளைஞருக்குப் பெரும்பாலான கல்லூரிகளில் 6 ஆண்டு படிப்பு, 2 ஆண்டு இன்டர்ன்ஷிப், 1 ஆண்டு கட்டாயச் சமூக சேவை. ஆக 9 ஆண்டு கழித்துத்தான் சுயமாகத் தொழில் செய்ய முடியும். சமூக சேவை ஆண்டு 1998-ல் டாக்டர்களுக்கு வந்தது. இன்டர்ன்ஷிப் 2000-களின் நடுவில் ஒரு வருடத்திலிருந்து இரண்டு வருடமானது. அதற்குள் அவருக்கு வயது 27, 28 ஆகிவிடும், கல்விக்கடனும் இருக்கும்.

பழைய சர்ஜரியின் வருமானக் கணக்கும் உடைந்துவிட்டது. 2004 முதல் ஒவ்வொரு மருந்துக்கும் எல்லா இடத்திலும் ஒரே ஆலை விலைதான். மொத்தமாக வாங்கினால் தள்ளுபடி, இலவசப் பெட்டி என்பதெல்லாம் தடை செய்யப்பட்டது. மருந்து கொடுப்பதற்கான கட்டணத்துக்கும் உச்சவரம்பு வந்தது. டாக்டர் மருந்து கொடுக்க வேண்டுமென்றால் தனியாகப் படித்து, தனி உரிமம் வாங்க வேண்டும். மருந்தின் லாபத்தில் ஓடிய சிறு சர்ஜரிக்கு இது பெரிய அடி. மருந்து விலையைக் கட்டுப்படுத்தியது நியாயமே. அதனால் வந்த இழப்பைப் பார்வைக் கட்டணத்தில் ஏற்ற முடியாத ஏழைப் பகுதிகள்தான் முதலில் டாக்டரை இழந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பெரிய நிறுவனம் ஏதாவது சர்ஜரி திறந்து டாக்டரைச் சம்பளத்துக்கு வைக்கக் கூடாதா என்று கேட்பார்கள். மருத்துவக் கவுன்சிலின் நெறிமுறை விதி, பதிவு பெறாத ஆட்களும் கம்பெனிகளும் கவுன்சிலின் அனுமதியின்றி டாக்டரை வேலைக்கு அமர்த்துவதைத் தடுக்கிறது. மருந்துக்கடைச் சங்கிலிகளின் கிளினிக்குகளில் நர்ஸ்கள் இருந்து டாக்டர் இல்லாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

டாக்டர் தட்டுப்பாடு என்கிறார்கள். வேலையில்லாத டாக்டர்களும் ஊர்வலம் போகிறார்கள். எது உண்மை?

இரண்டுமே உண்மை. இன்டர்ன்ஷிப்புக்கும் சமூக சேவைக்கும் அரசு இடம் கொடுத்தாக வேண்டும். அந்த மூன்று வருடம் முடிந்தபின் வேலை கொடுக்கும் கட்டாயம் அரசுக்கு இல்லை. மாகாண நிதி இறுகும்போது முதலில் செய்வது காலியான பணியிடத்தை நிரப்பாமல் விடுவது. டாக்டர் ராஜினாமா செய்தால் அந்த நாற்காலி காலியாகவே கிடக்கும். வரிசை நீளும், மிச்சமிருப்பவர்கள் களைத்துப்போய் அவர்களும் கிளம்புவார்கள். 2025 ஏப்ரலில் சுகாதார அமைச்சர் ஆரோன் மோட்சோலெடி 1200 டாக்டர்கள், 200 நர்ஸ்கள், 250 பிற சுகாதாரப் பணியாளர்களை நியமிக்கப்போவதாக அறிவித்தது இந்த நெருக்கடிக்குப் பதிலாகத்தான்.

உங்கள் ஏரியாவில் இதன் விளைவு நேரடியாகத் தெரியும். அரசு வேலை கிடைக்காத இளம் டாக்டர் சில மாதம் இங்கே லோகம் (வேறொரு டாக்டருக்குப் பதிலாகத் தற்காலிகமாகப் பார்ப்பது), சில மாதம் அங்கே எமர்ஜென்சி ஷிஃப்ட் என்று ஓடுவார். பிறகு பிரிட்டனுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ கனடாவுக்கோ விண்ணப்பம் போடுவார். திறமையில் குறையிராது. உங்கள் கதை தெரிந்திருக்க மட்டும் அவருக்கு நேரமே இருந்திராது.

டாக்டர் சர்ஜரியை மூடினால் என் ஃபைல் என்ன ஆகும்?

இந்தக் கேள்வியைப் பலர் ஒரு வருடம் தாமதமாகக் கேட்கிறார்கள். மருத்துவக் கவுன்சிலின் வழிகாட்டி தெளிவாக இருக்கிறது. சர்ஜரியை மூடும் டாக்டர் மூன்று மாதத்துக்குள் நோயாளிகளுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். எந்தத் தேதியில் மூடுகிறது, ஃபைலை வேறு டாக்டருக்கு மாற்றச் சொல்லலாம், அதன்பின் குறைந்தது 12 மாதம் யாருடைய பொறுப்பில் ஃபைல்கள் இருக்கும் என்பவை அதில் இருக்க வேண்டும். பொதுவாக ஃபைலை, அது கடைசியாகப் பயன்பட்ட நாளிலிருந்து 6 வருடமாவது பாதுகாக்க வேண்டும். பிள்ளைகளின் ஃபைலை அவர்களுக்கு 21 வயதாகும்வரை வைத்திருக்க வேண்டும்.

நடைமுறையில் கடிதம் பழைய விலாசத்துக்குப் போய்விடுகிறது. அல்லது டாக்டர் திடீரென்று இறந்துவிட, குடும்பத்தாருக்கு எந்த அலமாரியில் என்ன இருக்கிறது என்றே தெரிவதில்லை. ஆகவே மூடப்போகிறார் என்று காதில் விழுந்த வாரமே ரிசப்ஷனில் எழுத்து மூலம் கேளுங்கள். மொத்த ஃபைலின் நகல் கேட்டால் நூறு பக்கம் வரும், புதிய டாக்டர் அதைப் படிக்க மாட்டார். ஒரு பக்கச் சுருக்கம் கேளுங்கள். நோய்களின் பெயர், கண்டுபிடித்த வருடம், இப்போதைய மருந்தும் மில்லிகிராம் அளவும், ஒத்துக்கொள்ளாமல் நிறுத்திய மருந்தும் காரணமும், அலர்ஜி, செய்த ஆபரேஷன்கள் அதில் இருந்தால் போதும். கூடவே கடைசி ரத்தப் பரிசோதனை முடிவுகள், பழைய இசிஜி ஒன்று. அந்தப் பழைய இசிஜி ஏனென்றால், நெஞ்சுவலி என்று சாட்ஸ்வொர்த்தின் ஆர்.கே. கான் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால், இன்றைய கோட்டில் தெரியும் மாற்றம் புதிதா பழையதா என்று சொல்ல அது ஒன்றுதான் இருக்கும்.

ரத்தப் பரிசோதனை முடிவு லேபிலும் இருக்கும். எந்த லேப் என்பதை மட்டுமாவது குறித்து வையுங்கள்.

கிளினிக்கில் சிஸ்டரே பார்த்து மருந்து எழுதுகிறார். இது சட்டப்படி சரியா?

சரி. 1996-ல் அரசு கிளினிக்குகளில் ஆரம்ப சிகிச்சை எல்லோருக்கும் இலவசமானதிலிருந்தே அந்தச் சுமையைத் தாங்குவது நர்ஸ்கள்தான். 2005-ஆம் ஆண்டின் நர்சிங் சட்டத்தின் 56(6) பிரிவு, பயிற்சி பெற்ற நர்ஸ் அரசு நிலையங்களில் நோயைக் கண்டறிந்து மருந்து எழுத அனுமதிக்கிறது. 2010 முதல் எச்ஐவி மருந்தையும் நர்ஸ்களே தொடங்குகிறார்கள். அந்தப் பெரும் மருத்துவத் திட்டம் நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்ததே அதனால்தான்.

சிஸ்டர் ஒரு வழிகாட்டிப் புத்தகத்தின்படி போவார். பிரஷர் இவ்வளவு இருந்தால் இந்த மருந்து, இறங்காவிட்டால் அடுத்தது, அதற்கும் இறங்காவிட்டால் டாக்டர் என்று அதில் படிப்படியாக இருக்கும். ஒரே ஒரு நோய் உள்ளவருக்கு இந்த முறை அருமையாக வேலை செய்கிறது. நீரிழிவு, சிறுநீரகம், இதயம், மூட்டுவலி நான்கும் சேர்ந்த எழுபது வயதுக்காரருக்குத்தான் தடுமாறும். நம் சமூகத்தில் அப்படிப்பட்டவர்கள்தான் அதிகம். பல கிளினிக்குகளுக்கு டாக்டர் வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில் மட்டும் வருவார். "டாக்டர் எந்த நாள் வருகிறார், என்னை அந்தப் பட்டியலில் போட முடியுமா" என்று சிஸ்டரிடம் நேராகக் கேளுங்கள். கேட்பவரைத்தான் போடுகிறார்கள்.

பல பேர் பார்ப்பதால் உண்மையில் என்ன கெடுதல் வருகிறது?

இரண்டு உதாரணம் சொல்கிறோம். இரண்டும் அடிக்கடி நடப்பவை.

பிரஷருக்கு கிளினிக்கில் எனலாப்ரில் தொடங்குகிறார்கள். சில வாரமோ சில மாதமோ கழித்து வறட்டு இருமல் வருகிறது. நோயாளி மருந்துக்கடையில் சிரப் வாங்குகிறார். போகவில்லை. லோகம் டாக்டர் ஆன்டிபயாடிக் தருகிறார். போகவில்லை. இன்னொருவர் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கிறார், சுத்தமாக இருக்கிறது. எனலாப்ரில் வகை மாத்திரைகளுக்கு வறட்டு இருமல் தெரிந்த பக்க விளைவு. மருந்தை மாற்றினால் சில வாரங்களில் நின்றுவிடும். மூவரில் யாரும் மற்றவர் எழுதியதைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது ஆபத்தானது. எனலாப்ரிலும், ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற நீர் மாத்திரையும் சேர்த்துச் சாப்பிடும் பாட்டி, முழங்கால் வலிக்குக் கடையில் சீட்டில்லாமல் ஐபுப்ரோஃபென் வாங்கிச் சாப்பிடுகிறார். இந்த மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த அழுத்தம் மூன்று பக்கமும் குறைந்து, சிறுநீரகம் சட்டென்று செயலிழக்கலாம். வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்த நாட்களிலும் டிசம்பர், ஜனவரி வெயிலிலும் ஆபத்து இன்னும் கூடும். கிராண்ட்-பா பொடியும் வெறும் தலைவலிப் பொடி என்று நினைக்காதீர்கள். அதில் ஆஸ்பிரினும் பாரசிட்டமாலும் காஃபினும் இருக்கின்றன. ஆஸ்பத்திரியில் "என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்" என்று கேட்டால் கடையில் வாங்கிய பொடியையும் சொல்ல வேண்டும். மருந்துப் பெட்டிகளை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டே போவது நல்லது. ஒரே மாத்திரை இரண்டு கம்பெனிப் பெயரில் இருமடங்காகப் போவதும் அப்போதுதான் பிடிபடும்.

நீரிழிவுக்காரர்களுக்கு இன்னொன்று. மாத்திரை தவறாமல் கிடைத்தாலும் சோதனைகள் விட்டுப்போகின்றன. சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் எச்பிஏ1சி (கடந்த சில மாதங்களின் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) வருடத்துக்கு இரண்டு முறை, இல்லாவிட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. கண்ணின் உட்புறம், பாதம், சிறுநீரகம் மூன்றும் வருடத்துக்கு ஒருமுறை. உங்கள் பிறந்த மாதத்தை இதற்கென்று வைத்துக்கொண்டால் மறக்காது.

மருந்துக்கடையில் மருந்தாளரே சிகிச்சை தரலாமா?

ஓரளவு. இங்கே மருந்துகளைக் கட்டுப்பாட்டின் அளவுக்கேற்ப ஷெட்யூல் என்று எண்ணிட்டுப் பிரித்திருக்கிறார்கள். ஷெட்யூல் 0 முதல் 2 வரையிலான மருந்துகளை மருந்தாளர் சீட்டில்லாமல் தரலாம். அதற்கு மேல் சீட்டு வேண்டும். கூடுதல் பயிற்சி முடித்து, மருந்துச் சட்டத்தின் 22ஏ(15) பிரிவின்படி அனுமதி பெற்ற மருந்தாளர், குறிப்பிட்ட சில நோய்களுக்குத் தாமே மருந்து தொடங்கலாம். 2021-ல் எச்ஐவி மருந்தையும் இப்படித் தர வழி செய்தபோது பொது மருத்துவர்களின் அமைப்பு ஒன்று வழக்குப் போட்டது. 2023-ல் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. ஜிபிக்களின் கவலையில் நியாயம் உண்டு, ஆனால் டாக்டர் இல்லாத ஊரில் மருந்தாளராவது இருப்பது பெரிய விஷயம் என்பதே எங்கள் எண்ணம்.

மருந்துக்கடைக் கிளினிக்கின் நர்ஸ் விஷயம் வேறு. மேலே சொன்ன 56(6) அனுமதி அரசு நிலையங்களுக்கானது, தனியார் கடைக்கு அது செல்லாது. அங்கே உள்ள நர்ஸுக்குத் தனி அனுமதி வேண்டும். தடுப்பூசி, பிரஷர், சர்க்கரைச் சோதனை, புண்ணுக்குக் கட்டு இவற்றுக்குத் தாராளமாகப் போகலாம்.

கிளினிக்கல் அசோசியேட் என்று பேட்ஜ் போட்டிருந்தார். அவர் டாக்டரா?

இல்லை. 2008-ல் தொடங்கிய மூன்று வருடப் பட்டப்படிப்பு முடித்தவர். வால்டர் சிசுலு, விட்வாட்டர்ஸ்ராண்ட், பிரிட்டோரியா பல்கலைக்கழகங்களில் இந்தப் படிப்பு உண்டு. டாக்டரின் மேற்பார்வையில் நோயாளி பார்ப்பார், தையல் போடுவார், சிறு சிகிச்சைகள் செய்வார். தனியாகச் சர்ஜரி திறக்க முடியாது.

கியூபாவில் படித்தவர்களை நம்பலாமா?

கேள்வியே வருத்தம் தருகிறது, ஆனாலும் நிறையப் பேர் கேட்கிறார்கள். 1996-ல் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி பெரும்பாலும் கிராமத்து ஏழைக் குடும்பப் பிள்ளைகள் கியூபாவுக்குப் போகிறார்கள். அங்கே ஸ்பானிய மொழியும் மருத்துவமும் படித்துவிட்டு, இங்கே திரும்பி ஒரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்து இறுதிப் பயிற்சியும் தேர்வும் முடித்த பிறகே டாக்டர் ஆகிறார்கள். கியூபாவின் படிப்பு நோயைத் தடுப்பதிலும் குடும்பத்தோடு சேர்த்துப் பார்ப்பதிலும் அழுத்தம் கொடுப்பது. ஜிபிக்கு வேண்டியதும் அதுதான்.

ஜிபியும் ஃபேமிலி ஃபிசிஷியனும் ஒன்றுதானா?

பேச்சில் ஒன்று, பதிவில் வேறு. 2007-ல் குடும்ப மருத்துவம் இங்கே தனிச் சிறப்புத் துறையாக அங்கீகரிக்கப்பட்டது. அதற்கு 4 வருட மேற்படிப்பு உண்டு. ஜிபி ஆக அது தேவையில்லை.

புது டாக்டர் அல்லது லோகம் பதிவு பெற்றவர்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எச்பிசிஎஸ்ஏ என்ற மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்தில் ஐரெஜிஸ்டர் என்ற தேடல் பக்கம் இலவசம். டாக்டரின் எண் எம்பி என்ற எழுத்துகளில் தொடங்கும். பெயரைப் போட்டுத் தேடினால் பதிவு நடப்பில் இருக்கிறதா, எந்த வகை என்று காட்டும். சுயதொழில் வகையில் இருந்தால்தான் தனியார் சர்ஜரியில் லோகம் செய்யலாம். அரசுப் பணி வகை என்றிருந்தால் அவர் அரசு ஆஸ்பத்திரியில் மட்டுமே பார்க்கலாம். ஒரு டாக்டர் லோகம் வைப்பது ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது என்பதும் விதி.

என் மகன் இந்தியாவில் எம்பிபிஎஸ் முடித்தான். இங்கே ஜிபி ஆக முடியுமா?

தென்னாப்பிரிக்கக் குடியுரிமை இருந்தால் வழி தெளிவு, வேகம்தான் இல்லை. பட்டம் உண்மையானது என்று பன்னாட்டுச் சரிபார்ப்பு, பிறகு கவுன்சிலின் எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும், அதன்பின் இங்கே செய்ய வேண்டிய இன்டர்ன்ஷிப்பும் சமூக சேவையும். காகிதங்களை இந்தியக் கல்லூரியிலிருந்து நேராக அனுப்பவைப்பதில்தான் மாதக்கணக்கில் இழுக்கிறது. பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், டிகிரியில் அப்பா பெயருடன் இன்னொரு பெயர் என்பது தமிழர்களுக்கே உரிய சிக்கல். ஊரை விட்டுக் கிளம்புமுன் பெயரைச் சரிசெய்து, இரண்டும் ஒருவரே என்ற சத்தியப் பத்திரமும் வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்தியக் குடியுரிமைக்காரர் என்றால் முதலில் தேசிய சுகாதாரத் துறையின் வெளிநாட்டுப் பணியாளர் பிரிவிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். பதிவும் பொதுவாக அரசுப் பணி வகையில்தான் கிடைக்கும். வந்த கையோடு சர்ஜரி திறக்கலாம் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

மாதாந்திர மாத்திரைக்குக் கிளினிக் வரிசையில் நிற்காமல் இருக்க வழி உண்டா?

உண்டு. நோய் கட்டுக்குள் இருந்தால், நாட்பட்ட நோய் மருந்தைப் பொட்டலமாக அனுப்பும் அரசின் சிசிஎம்டிடி திட்டத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். 2014-ல் தொடங்கியது, டப்லாப்மெட்ஸ் என்ற பெயரிலும் அறிவிப்புப் பார்ப்பீர்கள். ஆறு மாதச் சீட்டு எழுதி, மருந்துப் பொட்டலம் வீட்டுக்குப் பக்கத்துத் தனியார் மருந்துக்கடை போன்ற இடத்துக்கு வரும். எஸ்எம்எஸ் வந்ததும் ஐடியோடு போய் எடுக்க வேண்டும். பெரியவர்கள் தவறவிடுவது இரண்டு இடத்தில். செல் நம்பரை மாற்றிவிட்டுக் கிளினிக்கில் சொல்வதில்லை. சொன்ன நாட்களுக்குள் எடுக்காததால் பொட்டலம் திரும்பிப் போய்விடுகிறது. ஆறு மாதம் முடிந்ததும் மறுபடி கிளினிக்கில் பார்த்தாக வேண்டும். ஷெட்யூல் 3 முதல் 5 வரையிலான மருந்துச் சீட்டு எங்குமே ஆறு மாதத்துக்கு மேல் செல்லாது. ஷெட்யூல் 6 மருந்துக்கு ரிப்பீட்டே கிடையாது, சீட்டும் 30 நாள்தான்.

மெடிக்கல் எய்டில் (தனியார் மருத்துவக் காப்பீட்டில்) இருக்கிறேன். டாக்டர் மாறினால் என்ன செய்ய வேண்டும்?

நாட்பட்ட நோய்க்கான பதிவு உங்கள் பெயரில் இருக்கிறது, டாக்டரோடு போய்விடாது. புதிய டாக்டரிடம் புதுச் சீட்டு வாங்கி அனுப்பினால் போதும். சீட்டில் நோயைக் குறிக்கும் ஐசிடி-10 குறியீடு சரியாக இருக்க வேண்டும். சாதாரண உயர் ரத்த அழுத்தத்துக்கு ஐ10, இரண்டாம் வகை நீரிழிவுக்கு ஈ11 வரிசை. அது இல்லாமல் எழுதினால் பணம் மெடிக்கல் எய்டில் உள்ள உங்கள் சேமிப்புக் கணக்கிலிருந்து போய்விடும். குறிப்பிட்ட டாக்டர்களிடம் மட்டும் போகும் நெட்வொர்க் திட்டம் என்றால் புதிய ஜிபியின் பெயரை ஸ்கீமில் மாற்றிய பிறகே போங்கள், இல்லாவிட்டால் கைக்காசு கட்ட நேரும். நாடு தழுவிய ஆதாரக் கட்டணப் பட்டியலை 2010-ல் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டதால் டாக்டர் கேட்பதும் ஸ்கீம் தருவதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே கேளுங்கள்.

என்எச்ஐ என்ற தேசிய சுகாதாரக் காப்பீடு வந்தால் ஜிபி இலவசமா?

2024 மே 15-ல் அதிபர் ராமபோசா சட்டத்தில் கையெழுத்திட்டார். அங்கீகாரம் பெற்ற ஜிபிக்களிடமிருந்து அரசு நிதியம் சேவையை வாங்கும் என்பதே அதன் எண்ணம். சட்டம் படிப்படியாக வர வேண்டியது, எதிர்த்து வழக்குகளும் உண்டு. இதை நம்பி இப்போதே மெடிக்கல் எய்டை விட்டுவிடாதீர்கள்.

நர்ஸ் கொடுத்த சிக் நோட்டை முதலாளி ஏற்க வேண்டுமா?

தொழில் நிபந்தனைச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, டாக்டர் அல்லது நோயைக் கண்டறிந்து சிகிச்சை தரத் தகுதி பெற்று, தொழில்முறைக் கவுன்சிலில் பதிவு செய்த ஒருவர் கையெழுத்திட்ட சான்றிதழை ஏற்கச் சொல்கிறது. அந்தத் தகுதி உள்ள சிஸ்டரின் சான்றிதழ் செல்லும். "இன்னார் இன்று கிளினிக்குக்கு வந்தார்" என்ற சீட்டு வருகைச் சீட்டு மட்டுமே, அது செல்லாது. தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் லீவு என்றாலும், எட்டு வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் என்றாலும் முதலாளி சான்றிதழ் கேட்கலாம்.

அம்மாவுக்குத் தமிழ்தான் வசதி. தமிழ் தெரிந்த டாக்டர் இல்லாவிட்டால்?

இங்கே பிறந்த தமிழ் டாக்டர்களில் பலருக்கும் வீட்டுமொழி ஆங்கிலம்தான், பெயரைப் பார்த்து எதிர்பார்க்காதீர்கள். பேரப்பிள்ளை மொழிபெயர்த்தால் பெண்களின் உடல் சார்ந்த விஷயங்களையும், சிறுநீர், மலச்சிக்கல் போன்றவற்றையும் பற்றிப் பாட்டிகள் வாயே திறக்க மாட்டார்கள். மகளோ மருமகளோ அக்கம்பக்கத்துப் பெண்ணோ கூடப் போகட்டும். "நெஞ்சைக் கரிக்குது", "மேல் வலி", "கிறுகிறுப்பு" என்று அம்மா சொல்வதைச் சுருக்கி "வலி" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கரிப்பா, அழுத்தமா, கைக்குப் பரவுகிறதா என்று கேட்டு அப்படியே சொல்லுங்கள். நெஞ்சில் பாரம் வைத்தமாதிரி அழுத்தி, வியர்த்து, மூச்சு வாங்கினால் கிளினிக் வரிசைக்கும் போக வேண்டாம், டாக்டரின் நேரத்துக்கும் காத்திருக்க வேண்டாம். அரசு ஆம்புலன்ஸுக்கு 10177, செல்லிலிருந்து 112.